பெயரறியாக் காளான்

நேற்றில்லாது இன்று தோன்றி நாளை மறையும் பொருளை ‘மழைக்கு முளைத்த காளான்’ என்று சுட்டுவது நம் நாட்டு வழக்கு. திடீரெனச் செல்வம் பெற்றவனையும், வேரூன்றாமல் எழும் சங்கங்களையும் இகழ வேண்டும்போதெல்லாம் இவ்வெளிய உயிரை நாம் துணைக்கு அழைக்கின்றோம். காளானைப் பற்றிய நம் அறிவு இவ்வளவோடு நின்றுவிடுமாயின், அவ்வறியாமை சிற்சில வேளைகளில் உயிரையும் கொண்டுபோகும். ஆதலின், தானே முளைக்கும் காளானை உணவாகவும் மருந்தாகவும் கொள்வதில் நாம் மேற்கொள்ளத்தக்க நெறி யாதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். யான் கூற விழைவது இது: பெயரும் உறுப்பும் அறிந்து சொல்லவல்லார் அருகில் இல்லாதபோது எந்தக் காட்டுக் காளானையும் உண்ணலாகாது, அவ்வாறு சொல்லவல்லாருடைய அறிவை, அவர் நம்மிடையே உள்ளபோதே தமிழில் எழுதி வைத்தல் வேண்டும்.

பழந்தமிழ்ப் புலவர் காளானை ஆம்பி என்றனர். அவர்கள் அதனைக் கண்டது வறியவர் அடுக்களையில். புறநானூற்றின் 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலையே மறந்த தம் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைக் குமணனிடம் முறையிடுகின்றார். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார், வறியோர் அடுக்களைச் சுவரைக் கறையான் அரிக்க, அப்புழுதியில் காளாம்பி தோன்றியிருப்பதைக் காட்டுகின்றார். அவ்வீட்டுக் கிணைமகள் பசி தீரக் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து, உப்பும் இன்றி வேகவைக்கின்றாள். அடுக்களையிலேயே நின்ற ஆம்பியை அவள் பறித்தாள் என்று புலவர் சொல்லவில்லை. அறிந்த கீரை உணவாயிற்று. ஆம்பியோ வறுமைக்கு அடையாளமாகவே நின்றுவிட்டது. பசி மிக்க வீட்டிலும் அறிந்ததும் அறியாததும் ஒன்றாகா என்பதை இக்காட்சி எனக்கு நினைவூட்டுகின்றது.

இனி, காளான் என்பது யாது? அது செடியன்று, பச்சையம் அதற்கு இல்லை. மட்கும் பொருளிலிருந்தோ, மரவேரோடு கொண்ட உறவிலிருந்தோ, பிற உயிரிடமிருந்தோ அது தன் உணவைப் பெறுகின்றது. நாம் காளான் என்று கூறும் குடை அதன் கனி போன்றது. உடலோ நூலிழைகளாக மண்ணிலும் மரத்திலும் மறைந்து பல்லாண்டு வாழ்வது. ஆகவே அதனை நிலையாமைக்கு உவமை கூறுவது முழுதும் பொருந்தாது. இடி இடித்தலால் காளான் பிறக்கின்றது என்று நம் ஊரார் கூறுவர். நீர் பெற்ற இழைகள் கனியை வெளியே தள்ளுகின்றன என்பதே அதன் உண்மை. இடியும் மழையும் ஒருங்கு வருதலின் அந்நம்பிக்கை எழுந்தது போலும்.

என் ஊராகிய ஆழ்வார்திருநகரி பொருநையாற்றின் தென்கரையில் உள்ளது. 1986ஆம் ஆண்டு மாவட்டம் பிரிந்தபின் அது தூத்துக்குடி மாவட்டத்ததாயினும், பேச்சாலும் பழக்கத்தாலும் திருநெல்வேலிச் சீமையதே. ஐப்பசி கார்த்திகை மழை வீழ்ந்து மண் குளிர்ந்தால், வயல் வரப்பிலும், புற்றடியிலும், பழைய வைக்கோற்போரிலும், வாழைத்தோட்டத்து ஓரத்திலும் குடைகள் எழும். அவற்றை மக்கள் புற்றுக்காளான், வைக்கோல் காளான் என்று முளைக்கும் இடத்தையும் பற்றுக்கோட்டையும் கொண்டே பெயரிட்டு அழைப்பர்.

பெயர்ச்சொல்லானது பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறினையும் பற்றி வரும் என்பதை நன்னூல் கற்ற மாணாக்கர் அனைவரும் அறிவர். தேர்வுக்காக மனப்பாடம் செய்த இவ்வாறும் வயலில் இறங்கினால் உயிர் காக்கும் ஆறாகும் என்பது என் கருத்து. எதன்மேல் முளைத்தது என்பது பொருள். எவ்விடத்து என்பது இடம். எம்மாதத்து என்பது காலம். குடை, செவுள், காம்பு, வளையம், அடிக்கிண்ணம் என்பன சினை. நிறமும் மணமும் குணம். அறுத்தவிடத்து நிறம் மாறுதலும், வித்துத்தூளைச் சிந்துதலும் தொழில். நம் ஊர் வழக்குப் பெயர்கள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. நல்லதும் நஞ்சும் ஓரிடத்தே முளைக்கக்கூடும். இடத்தை மட்டும் அறிந்தவன் பாதியே அறிந்தவன்.

புற்றுக்காளானை முதலில் நோக்குவோம். கறையான்களுள் சில, தாம் கொணரும் மரத்துகளையும் சருகையும் தாமாகவே செரிக்கமாட்டா. ஆகவே புற்றினுள்ளே தேன்கூடு போன்ற தோட்டம் அமைத்து, அதில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அதன் துணையால் உண்டு வாழ்கின்றன. மழைக்குப்பின் அத்தோட்டத்திலிருந்து மண்ணைத் துளைத்து வெளிவருவதே புற்றுக்காளான். இவ்வினத்திற்கு டெர்மிடோமைசிஸ் என்று 1942இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம். சென்னைப் பல்கலைக்கழகத்து அறிஞர் நடராஜன் 1979இல் இவ்வினத்துள் ஒன்றைப் புதிதாக வரையறுத்து, ஹைமின் பெயராலேயே டெர்மிடோமைசிஸ் ஹைமியை என்று வழங்கினார். நம் நாட்டு மக்கள் நெடுங்காலமாகப் புற்றடியில் கொய்து உண்டுவரும் ஓரினத்துள் ஒன்று, அறிவியல் ஏட்டில் இடம்பெற 1979 வரை காத்திருந்தது!

என் ஊரில் வயல்வேலை செய்து முதுமை எய்திய அம்மையார் ஒருவர் இக்காளானைக் கொய்வதைக் கண்டிருக்கின்றேன். அவர் குடையைப் பிடித்து ஒடிப்பதில்லை. ஒரு குச்சியால் சுற்றியுள்ள மண்ணைக் கிளறிக் காம்பின் முழு நீளத்தையும் எடுப்பார். “பாட்டி, இது தின்னத்தக்கது என்று எப்படி அறிகின்றீர்கள்?” என்று வினவினேன். “காம்பு புத்துக்குள்ள போகுதா பாருய்யா. போகாட்டி அது நமக்கு இல்ல” என்றார். வேர்போல் நீண்டு கறையான் தோட்டம்வரை செல்லும் காம்பு இவ்வினத்துப் பலவற்றின் அடையாளம் என்பதைத் தாவர நூலாரும் ஒப்புவர். நடுவே கூம்பி நிற்கும் குடையையும், அடிக்கிண்ணம் இல்லாமையையும் அவர் கைகள் தாமே தடவி அறிந்துகொள்ளும். காம்பு நீளாத சிறு புற்றுக்காளான் வகையும் ஒன்று உண்டு. உண்ணத்தக்க அதனையும் அவர் விட்டுவிடுவார். நல்லது ஒன்றை இழப்பினும், தீயது ஒன்று சட்டியில் விழலாகாது என்பதே அவர் கணக்கு. அவர்தம் பேரப்பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை செய்கின்றனர். அவரோடு வரப்பில் நடக்க இப்பொழுது ஒருவரும் இலர்.

ஆயினும், அவர் கூறிய ஓரடையாளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நாமும் புறப்படலாமோ எனின், ஆகாது. வேர்போன்ற காம்பு வேறு சில காளான்களுக்கும் உண்டு. அவர் கண்டறிவதோ ஓரடையாளத்தால் அன்று. ஐம்பது மழைக்காலத்துப் பழக்கத்தால். சொல்லை மட்டும் நாம் பெற்றால் பழக்கம் அவரிடமே நின்றுவிடும்.

புல்வெளியிலும் வீட்டோரத்திலும் மழைக்குப்பின் எழும் பெரிய வெண்குடைக் காளான் ஒன்று உண்டு. மேலே பழுப்புச் செதில்களும், காம்பில் வளையமும் உடையது, பார்வைக்கு அழகியது. அதன் செவுள் இளமையில் வெண்மை. முதிர்ந்தபின் பசுமை கலந்த சாம்பல். க்ளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ் என்னும் அதனை உண்டவர்க்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காணும். வெண்மையைத் தூய்மையென்று கொள்ளும் நம் இயல்பே இதில் நம்மை ஏமாற்றுகின்றது.

வைக்கோல் காளானின் செய்தி இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இதனை வளர்க்கும் முயற்சி இந்தியாவில் 1940களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் நடைபெற்றது. இது முட்டை போன்ற உறையைக் கிழித்துக்கொண்டு எழும். அவ்வுறை அடியில் கிண்ணமாக நிற்கும். உலகில் மிகுதியான காளான் இறப்புகளுக்குக் காரணமான அமானிட்டா இனத்துக் கொடியவையும் இவ்வாறே முட்டையிலிருந்து எழுவன. முட்டைப் பருவத்தில் இரண்டையும் புறத்தோற்றத்தால் பிரித்தறிதல் அரிது. வளர்ந்தபின் வைக்கோல் காளானுக்கு வளையம் இல்லை, செவுளும் வித்துத்தூளும் செந்நிறம் சார்ந்தவை. அமானிட்டாவின் வித்துத்தூளோ வெண்மை. 2011ஆம் ஆண்டின் இறுதி நாளன்று ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில், சீன நாட்டிலிருந்து சென்றிருந்த சமையற்காரர் ஒருவர் அங்குக் கொய்த காளானைச் சமைத்தார். உண்டவருள் அவரும் மற்றொருவரும் உயிரிழந்தனர். அது சாவுக்குல்லாய் என்னும் பொருள்படும் பெயரால் ஆங்கிலேயர் வழங்கும் அமானிட்டா ஃபல்லாய்டிஸ். தாய்நாட்டு வைக்கோல் காளான் என்று கருதியே அதனைக் கொய்தனர் போலும் என்று அப்போது பேசப்பட்டது. சமையல் அறிந்தவர் அவர், காளானும் அறிந்தவரே. ஆயினும் ஓரூரில் மெய்யான அறிவு மற்றோரூரில் பொய்யாயிற்று. காளானறிவு மண்ணோடு ஒட்டியது. பெட்டியில் வைத்துக் கொண்டுபோகத்தக்கது அன்று.

நம் நாட்டிலும் இத்துயரம் நிகழாமல் இல்லை. 2022 ஏப்ரல் மாதத்தில் அஸ்ஸாம் மாநிலத்தின் கிழக்கு மாவட்டங்களில் காட்டுக் காளான் உண்டு திப்ருகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருள் 13 பேர் இறந்தனர்; அவருள் பெரும்பாலார் தேயிலைத் தோட்டத்தைச் சார்ந்த ஏழைமக்கள். இந்நஞ்சின் கொடுமை அதன் பொறுமையில் உள்ளது. அமானிட்டா நஞ்சு உண்டவுடன் ஒன்றும் செய்யாது. ஆறு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம் கழிந்தபின்னரே வாந்தியும் பேதியும் தொடங்கும். அடுத்த நாள் நோய் தணிந்ததுபோல் தோன்றும். வீட்டார் மகிழ்ந்து மருத்துவமனையை மறப்பர். மூன்றாம் நான்காம் நாளில் ஈரல் கெட்டு உயிர் ஊசலாடும். வேகவைத்தலும் வறுத்தலும் உலர்த்தலும் இந்நஞ்சை அழிக்கமாட்டா. ஆகவே காளான் உண்டபின் உடல் வேறுபட்டால், தணிந்தது என்று இருந்துவிடாமல் 108 வண்டியை அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். எஞ்சிய காளானையும், சமைத்த கறியையும் எடுத்துச் செல்லவேண்டும். உடன் உண்டவர் அனைவரும், நோய் தோன்றாவிடினும், சோதனைக்கு உட்படவேண்டும்.

நிற்க. இவ்வளவு தீங்கு இருக்க, நம் மக்கள் நம்பும் சோதனைகளோ மிக எளியவை. வெள்ளிக்காசை இட்டால் கறுக்கும் என்பர். வெங்காயமோ அரிசியோ நிறம் மாறும் என்பர். புழு அரித்தது மனிதனுக்கும் நல்லது என்பர். வண்ணமுள்ளதே நஞ்சு, வெள்ளை நல்லது என்பர். இவற்றுள் ஒன்றேனும் மெய்யன்று. கொடிய அமானிட்டாவையும் புழுவும் நத்தையும் உண்டு வாழ்கின்றன. அவற்றின் உடல் வேறு, நம் உடல் வேறு. வெள்ளி கறுப்பது கந்தகத்தால் அன்றி இந்நஞ்சால் அன்று. இச்சோதனைகள் நஞ்சைக் காட்டமாட்டா, அச்சத்தைப் போக்கிவிடும். அச்சம் போனபின் கை துணிகின்றது.

மெய்யான சோதனை ஒன்று உண்டு. அதனை எவரும் வீட்டிலேயே செய்யலாம். முதிர்ந்த காளானின் காம்பை நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளின்மேல் செவுள் கீழ்நோக்கக் குடையை வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுதும் விட்டுவிடவேண்டும். காலையில் வித்துத்தூள் கோலம்போல் படிந்திருக்கும். அது பசுமையா, செம்மையா, வெண்மையா என்பது பெயரறியும் வழியில் ஒரு பெரிய அடி. ஆயினும் அதுவும் ஓரடியே. அதனாலேயே ஒன்றை உண்ணலாம் என்று துணிதல் கூடாது. பொருந்தாத நிறம் வந்தால் விலக்குதற்கே அது சிறந்த துணை.

மருந்துக் காளானைப் பற்றியும் ஒரு சொல். இக்காலத்தில் கனோடெர்மா முதலிய காளான்களின் தூள், எந்நோயையும் போக்கும் என்னும் விளம்பரத்தோடு விற்கப்படுகின்றது. நம் தென்னந்தோப்புகளைக் கெடுக்கும் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்குவதும் இக்கனோடெர்மா இனமே என்பதை விவசாயிகள் அறிவர். காளானில் மருந்துப் பொருள் உண்டு என்பதை யான் மறுக்கவில்லை. ஜப்பானில் ஒரு மரக்காளானிலிருந்து பிரித்தெடுத்த பொருளைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் துணைமருந்தாக 1970களிலேயே ஏற்றனர். ஆனால் அது பிரித்து, அளந்து, நோயாளரிடம் சோதித்து, மருத்துவர் கையால் கொடுக்கப்பட்டது. மரத்தில் கண்ட பலகைக் காளானைப் பெயர்த்துக் கஷாயம் வைப்பதற்கு அச்சோதனை சான்றாகாது. அளவறியாத மருந்தும் பெயரறியாத உணவும் ஒருதன்மையனவே.

கைப்பேசியில் படம் பிடித்தால் பெயர் வந்துவிடுகின்றதே என்று நண்பர் சிலர் கூறுவர். படம் மேற்புறத்தைக் காணும். மண்ணுக்குள் மறைந்த அடிக்கிண்ணத்தைக் காணாது, மணத்தை முகராது, இரவு முழுதும் காத்திருந்து வித்துத்தூளைப் பாராது. அறிவதற்கு அதனைத் துணையாகக் கொள்ளலாம். உண்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது. 2023இல் நியூயார்க் காளான் சங்கத்தார், கணினியே எழுதியவை போலத் தோன்றும் காளான் நூல்கள் விற்பனைக்கு வந்திருப்பதாகவும், அவற்றை நம்பினால் உயிருக்கே கேடு என்றும் எச்சரித்தனர். அச்சில் வந்ததை மெய்யென்று கொள்ளும் நமக்கு இது நல்லதோர் எச்சரிக்கை.

அப்படியாயின் காட்டுக் காளான் எல்லாம் நஞ்சு என்று சொல்லிவிடுவதே நன்று அன்றோ எனச் சிலர் வினவலாம். சிப்பிக்காளானும் பால்காளானும் கடையில் கிடைக்கின்றன. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அவற்றை வளர்க்கும் முறையைப் பரப்பியுள்ளனர். காளான் சுவை வேண்டுவோர்க்கு அவையே தக்கன. இதனை யானும் முழுமனத்தோடு கூறுவேன். எனினும் முழுத்தடையால் பயன் விளையாது. மழைநாளில் வரப்பில் கிடைப்பதைக் கொய்து குழம்பு வைக்கும் ஏழை வீட்டார் நம் சொல்லுக்காக நிறுத்தமாட்டார். பொதிகைமலைக் காணி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காளானை அறிந்து உண்பவர். வனப்பொருள்மேல் அன்னோர்க்குள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கின்றது. எல்லாம் நஞ்சு என்னும் நம் சொல், அறிந்தவரை நகைக்கச் செய்யும். அறியாதவரை அறிந்தவரிடம் கேளாதபடி தடுக்கும். அறிவு அழிந்தபின்னும் பசி இருக்கும். பசி கொய்துகொண்டே இருக்கும். இதுவே யான் அஞ்சுவது.

ஆகவே நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்த் துறையும் தாவரவியல் துறையும் கூடிப் பொருநைக் கரையின் காளான்களுக்கு ஓர் ஏடு தொடங்கவேண்டும். விடுமுறைக்கு ஊர்செல்லும் மாணாக்கர், தத்தம் ஊரில் காளான் அறிந்த முதியவர் இசைவோடு அவருடன் நடந்து, அவர் வழங்கும் பெயரை அவர் சொன்னபடியே எழுதிவரட்டும். பெயரின்கீழ் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறு கட்டங்கள் இருக்கட்டும். வித்துத்தூள் படிந்த தாளும் உலர்த்திய காளானும் உடன் வரட்டும். தாவரவியல் ஆசிரியர் அதனை நுண்ணோக்கியால் ஆராய்ந்து அறிவியற் பெயர் காணட்டும். ஊரார் வழிவழியாக உண்பதும், ஆசிரியர் நஞ்சன்று எனக் காண்பதும் ஒரே பொருளின்மேல் ஒத்துவந்தாலன்றி, ‘உண்ணத்தக்கது’ என்னும் சொல் அவ்வேட்டில் ஏறலாகாது. கட்டம் நிரம்பாதவற்றின்கீழ் ‘அறியப்படவில்லை’ என்று எழுதுவதற்கு நாம் நாணவேண்டியதில்லை. அச்சொல்லும் ஓருயிரைக் காக்கலாம்.

அவ்வாறு செல்வோர் சில விதிகளைப் போற்றவேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் இசைவின்றிப் புகுந்து கொய்தல் கூடாது. பூச்சிமருந்து தெளித்த வாழைத்தோட்டத்து ஓரத்திலும், சாலையோரத்திலும் முளைத்தவற்றை அறிந்த இனமாயினும் உண்ணக்கூடாது. காளான் மண்ணிலுள்ள நச்சுப்பொருளைத் தன்னுள் ஏற்கும் இயல்புடையது. புற்றைக் கையால் துழாவக்கூடாது. அங்குப் பாம்பும் குடியிருக்கும். அறிந்ததையும் அறியாததையும் ஒரே கூடையில் இடக்கூடாது. தொகுப்பதற்காகச் சென்றவர் சுவைப்பதற்காக ஒரு துண்டும் வாயில் இடக்கூடாது.

தமிழ் கற்கும் நமக்கு இப்பணி எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஆம்பி என்னும் சொல் ஏட்டில் இருந்தமையால் ஈராயிரம் ஆண்டுக்குமுன் ஒரு வறியோர் வீட்டு அடுக்களையை இன்றும் நாம் காண்கின்றோம். இன்று வரப்பில் வழங்கும் பெயர்களோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவற்றைக் காப்பவர் கல்லூரியைக் கண்டறியாத முதியோர். அவர் ஒவ்வொருவரும் மறையும்போது சில பெயர்களும், அப்பெயர்கள் காத்துவந்த சில உயிர்களின் பாதுகாப்பும் உடன் மறைகின்றன. அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னரே அவ்வேட்டின் முதற்பக்கம் எழுதப்படுமாயின், இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும். அதுவரை, பெயரறியாக் காளானைக் கண்டால் கண்குளிர நோக்குக, கைநீட்டற்க.